கம்பளி

சின்னதுரை மாற்றலாகி ஊவாப் பக்கம் போனபோது
சோபாவை ஏற்றினார்கள், குளிர்பெட்டியை ஏற்றினார்கள்,
ரோசாத் தொட்டி பதினொன்றையும் எண்ணி ஏற்றினார்கள்.
லொறியில் இடமில்லாமல் போனது இதற்கு மட்டும்.

மூன்றாம் இரவு எங்கள் காம்பராக் கதவைச் சுரண்டியது.
பங்களாவில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ,
நாங்கள் கூப்பிட்ட எதற்கும் காது அசையவில்லை.
நனைந்து கனத்துத் தரையில் இழுபட்ட முடியைப் பார்த்து
"கம்பளி" என்றான் மகன் டிரோஷன்.
அதற்குத் திரும்பியது.

ஆனி மாதம். கொட்டகலையில் வானம்
லயத்துத் தகரத்தின் மேலேயே குடியிருந்தது.
உடுப்பு காயாது, விறகு காயாது,
கம்பளி எப்படிக் காயும்?
வயிற்றடியில் சேறு, வாலில் மானாப்புல் விதை,
விரலிடுக்கில் அட்டை.
காதுக்குப் பின்னால் பாக்களவு ஒரு சிக்கு.
தொட்டால் கடிக்காது. ஆனால்
கடிக்கலாமா என்று அது யோசிப்பது தெரியும்.

எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு இருந்தது.
சலூன் விக்கினராசா,
"இரண்டாம் நம்பர் பிளேடு, பத்தே நிமிஷம்" என்றார்.
டிரோஷன் போனில் படம் காட்டினான்:
பிடரியை விட்டு மிச்சமெல்லாம் வழித்த நாய், சிங்கமாம்.
"சிங்கம் கொடியில இருக்கிறது காணும்" என்றார் வீட்டுக்காரர்.
புஷ்பகாந்தி அக்கா மண்ணெண்ணெய் தடவச் சொன்னாள்.
அவளுக்குப் பேனுக்கும் மண்ணெண்ணெய், பூரானுக்கும் மண்ணெண்ணெய்;
மருமகனுக்கு மட்டும் இன்னும் தடவிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு பேரை விட்டேன்.
பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார்கள்.
ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்கு.
மிருக டொக்டர் சின்னப் பிள்ளை, ரிஸ்வியா என்று பெயர்.
முதுகு முடியை இரண்டு விரலால் வகிடு பிரித்துக் காட்டினார்:
மேலே முரடு, மழை வழிந்துபோக;
அடியில் சாம்பல் பஞ்சு, குளிருக்கு.
"இது ரெண்டு உடுப்புப் போட்டிருக்கு.
ஒட்ட வழிச்சா திரும்ப வளரும்,
ஆனா இதே மாதிரி வராமப் போகலாம்.
சில இடத்தில வராமலே போகலாம்."

என் கை தானாகத் தலைத்துண்டுக்குள் போனது.
உச்சியில், கூடைக் கயிறு உட்காருகிற இடம்.
பத்தொன்பது வருஷம். உள்ளங்கை அகலம்.
தேர் அன்றைக்குப் பூ வைத்தால்
ஊசி பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.
எந்த பிளேடு என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

நாய் பிரஷ் ஒன்றின் விலை ஒரு பேரும் அரைப் பேரும்.
வைத்துவிட்டு வந்தேன்.
வீட்டில் அகலப்பல் சீப்பு இருந்தது, பேன்சீப்பும் இருந்தது.
பள்ளிக்கூடச் சட்டை வெட்டுகிற கத்தரி.

ஞாயிறு, இஸ்தோப்பில் சாக்கு விரித்து,
வயிற்றில் வெட்டினேன், சேறு எட்டாத உயரத்துக்கு.
பாதத்தில் வெட்டினேன், அட்டைக்கு ஒளிய இடமில்லாமல்.
வாலடியில் கொஞ்சம், அதன் மானத்துக்கு.
நெற்றியில் தொங்கியதை எடுத்த பிறகுதான்
இரண்டு தேன்நிறக் கண் எங்கள் வீட்டில்
இத்தனை நாள் இருந்தது தெரிந்தது.
முதுகில் கத்தரி வைக்கவில்லை.

காதுச் சிக்கை நறுக்கி எறி என்றார்கள்.
ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், விரல்நுனி,
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மூன்று சாயங்காலம்.
நடுவில் சிவப்பாய் ஒரு ரிப்பன் துண்டு அகப்பட்டது.
பங்களாப் பிள்ளை கட்டியதாக இருக்கும்.
எறியட்டுமா என்று கேட்டேன்.
மோந்து பார்த்தது. வெகுநேரம் மோந்தது.
ரிப்பன் இப்போது சாமித்தட்டுக்குக் கீழே ஆணியில் கிடக்கிறது.

கம்பளி கொடுத்து, அந்தக் காசைச்
சம்பளத்தில் பிடித்த காலம் ஒன்று இருந்ததாம்.
இந்தக் கம்பளிக்கு ஒரு பேர்தான் போனது,
ஆட்டோக் காசு வேறு.

இன்று பிரட்டில் நல்ல மழை.
பின்னாலேயே வந்து, நடுவில் நின்று,
ஒரு உதறு உதறியது.
கணக்கப்பிள்ளையின் பேர்ப்புத்தகம், கண்ணாடி, மீசை
எல்லாம் தண்ணீர்.
அவர் ஏசி முடிக்கும்வரை குனிந்து
முதுகு முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.
அடியில் காய்ந்திருந்தது. சூடாகவும் இருந்தது.
இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு
ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.